ஸ்லீவ் அறுவைக்குப் பிறகு நம் வீட்டுச் சமையலில் என்ன சாப்பிடுகிறீர்கள்?

கீழவாசல்

அனைவருக்கும் வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது கேட்க வேண்டியதாகிவிட்டது. தஞ்சாவூர், பள்ளி ஆசிரியை, வயது 42. சர்க்கரையும் முழங்கால் வலியும் சேர்ந்து படுத்தியதால் எடை குறைக்க வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டேன். நான்காவது மாதம் நடக்கிறது. எடை இறங்குகிறது, சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

குறை சாப்பாட்டில்தான். மருத்துவமனை கொடுத்த அட்டவணை முதல் ஆறு வாரத்துக்குத் தெளிவாக இருந்தது. முதலில் நீராகாரம், பிறகு மோர், பருப்புத் தண்ணீர், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது. அதற்கப்புறம் 'வழக்கமான உணவு, புரதத்துக்கு முன்னுரிமை' என்று ஒரே வரி. கீழே ஒரு பட்டியல்: வான்கோழி இறைச்சி, காட்டேஜ் சீஸ், கினோவா. நாங்கள் சைவம். அசைவமாகவே இருந்தாலும் கீழவாசல் கடைத்தெருவில் வான்கோழிக்கு எங்கே போவது?

என் பெரிய சிக்கல் சோறு. குழைய வடித்து, ரசம் ஊற்றி, கையால் மசித்தாலும் மூன்றாவது வாயில் நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொள்கிறது. வாயில் எச்சில் நுரைத்து ஊறுகிறது, எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. ஆனால் முறுக்கும் தட்டையும் சிரமமே இல்லாமல் இறங்குகின்றன. இது எல்லோருக்கும் உண்டா? வீட்டில் ஐந்து பேருக்குச் சமைக்கும் அதே அடுப்பில் உங்களுக்கு என்ன செய்துகொள்கிறீர்கள்? அடுத்த மாதம் தங்கை மகள் திருமணம் வேறு. பந்தியை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

நெல்லைச்சீமை

வணக்கம் அக்கா. எனக்கு 2017இல் பைபாஸ் (இதயத்தில் அல்ல, வயிற்றைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் எடை குறைப்பு அறுவை). உங்களுக்கு நடப்பது எனக்கும் நடந்தது, இங்கே பாதிப் பேருக்கு நடந்திருக்கும்.

சோறு அடைப்பதற்குக் காரணம், குழைந்த சோறு உள்ளே போய் மாவாகத் திரண்டுவிடுகிறது. பழைய வயிறு பெரிய பை, எதையும் புரட்டிப் பிசைந்து அனுப்பிவிடும். ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மீதி இருப்பது ஒரு குறுகிய குழாய். ஒட்டும் பொருள் எதுவும் அதில் சுலபமாக நகராது. ரொட்டி, புதுச் சப்பாத்தி, குழைந்த பொங்கல், உப்புமா எல்லாம் இதே சாதிதான். குழைத்தால் இறங்கும் என்று நம் வீட்டில் நினைப்பார்கள். உதிரி உதிரியாக வடித்த சோறு இரண்டு தேக்கரண்டி, நன்றாக மென்றால், குழைந்த சோற்றைவிட மேல்.

நுரை வந்தால் பயப்படாதீர்கள். உணவு நிற்கும்போது எச்சில் அதன்மேல் தேங்கிக் கிளம்புகிறது, அவ்வளவுதான். சாப்பிடுவதை நிறுத்துங்கள், எழுந்து மெதுவாக நடங்கள். தண்ணீர் குடித்துத் தள்ளிவிடலாம் என்று மட்டும் முயலாதீர்கள், அது வாந்தியில்தான் முடியும்.

முறுக்கு இறங்குவதைப் பற்றி: அதுதான் உண்மையான ஆபத்து. வாயிலேயே கரைந்துவிடுவதால் குழாயில் தங்குவதில்லை. தங்காததால் நிறைந்த உணர்வும் வராது. ஒரு டப்பா மிக்சரை மாலை முழுக்கக் கொறிக்கலாம், வயிறு தடுக்காது. ஐஸ்கிரீம், பிஸ்கட், சர்க்கரை போட்ட காப்பி எல்லாம் அந்த வழியில்தான் நுழைகின்றன. நம் தோழர்களில் எடை திரும்ப ஏறியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சோற்றால் ஏறியவர் அபூர்வம்.

கீழவாசல்

நன்றி தம்பி. முறுக்கு டப்பாவை இன்றே மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டேன். அப்படியானால் புரதம் எங்கிருந்து? நாளொன்றுக்கு 60 கிராம் என்கிறார்கள். நான் தினமும் சாம்பார் சாப்பிடுகிறேனே, அது போதாதா?

பாசிப்பயறு

சாம்பாரை நம்பிக் கெட்டவர்கள் நிறையப் பேர் அக்கா. ஒரு கரண்டி சாம்பாரில் இருக்கும் பருப்பைப் பிழிந்து எடுத்தால் இரண்டு கிராம் புரதம் தேறும், அதுவும் கெட்டியான சாம்பாராக இருந்தால். ஒரு இட்லியிலும் ஏறக்குறைய இரண்டு கிராம்தான். ரசத்தில் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் 60 கிராம் சேர்க்க ஒரு அண்டா வேண்டும், உங்கள் வயிறோ ஒரு டம்ளர் கொள்ளாது.

நானும் சைவம். என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். பனீர் 100 கிராமில் 18 கிராம் புரதம். சோயா உருண்டை காய்ந்த நிலையில் 30 கிராம் எடுத்தால் 15 கிராம் கிடைக்கும். ஊறவைத்து மிக்சியில் உதிர்த்துக்கொண்டால் பருப்பு உசிலியில் கலப்பது தெரியாது. பால் 200 மில்லிக்கு 6 கிராம் சுமார். தயிரைத் துணியில் கட்டி இரவு தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து கெட்டியாகிவிடும், அதே அளவில் இரு மடங்குக்கு அருகில் புரதம். பொட்டுக்கடலை மாவு 100 கிராமில் 20 கிராமுக்கு மேல். கெட்டித் தயிரில் இரண்டு தேக்கரண்டி போட்டு, சீரகம், உப்பு சேர்த்து நான் காலையில் சாப்பிடுகிறேன். மீதிக்குப் புரதப் பொடி. முதல் ஆண்டில் பொடி இல்லாமல் சைவர்கள் 60ஐத் தொடுவது மிகக் கடினம், இதில் வீம்பு வேண்டாம்.

ஒரே அடுப்பு பற்றி: தனியாகச் சமைக்காதீர்கள், அலுத்துவிடும். கூட்டு வைக்கும்போது பருப்பை இரு மடங்காகப் போடுங்கள், வீட்டாருக்கும் நல்லது. உங்கள் தட்டில் முதலில் கூட்டு, பனீர், சுண்டல். பிறகு காய். இடம் மிஞ்சினால் சோறு. பெரும்பாலும் மிஞ்சாது.

டொராண்டோ பனங்காய்

வணக்கம், யாழ்ப்பாணத்தான், இப்போது கனடா. இங்கு ஒன்டாரியோ மாகாணக் காப்புறுதியே சத்திரசிகிச்சைக்குச் செலவு செய்கிறது. அதற்கு முன்பு உணவியலாளர், உளவியலாளர், தாதி என்று ஒவ்வொருவரையும் பார்த்துத் தேறினால்தான் கத்தி. அங்கே அப்படி எல்லா இடத்திலும் இல்லை என்று இந்த இழையைப் படிக்கும்போது விளங்குகிறது.

எனக்குப் புட்டு போச்சு. காய்ந்த மாவு, விக்கி நின்றுவிடும். இடியப்பம் ஒன்று, சொதியில் ஊறவைத்து, மீன் துண்டோடு என்றால் இறங்குகிறது. மீனை முதலில் தின்னுவது என்று பழகிக்கொண்டேன். அம்மாவுக்கு இது பெரிய துக்கம். 'வெறும் மீனைத் தின்கிறாயே, நான்கு வாய் சோறு தின்னப்படாதா' என்பார்.

பைபாஸ்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இனிப்பு அப்படியே சிறுகுடலில் போய் விழும். பாயசம் ஒரு கிண்ணம் குடித்த அரை மணிக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, கட்டிலில் விழுந்துவிடுவேன். இது ஒரு வகை. மற்றது ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும்: கை நடுங்கும், கண் இருட்டும். இனிப்பைப் பார்த்து உடம்பு இன்சுலினை அள்ளிக் கொட்டிவிட, இரத்தச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடுகிறது. அந்த நேரம் குறைந்த சர்க்கரையை ஏற்ற ஏதாவது எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு விட்டுவிட்டால் மறுபடி ஏறி மறுபடி இறங்கும். சிறிது இனிப்பு, பின்னாலேயே புரதம். அடிக்கடி வந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

உழவன்மகன்

மன்னிக்க வேண்டும், எல்லோரும் கோபப்படுவீர்கள். வயிற்றை வெட்டிப் போட்டுவிட்டுப் பொட்டுக்கடலை மாவைக் கணக்குப் போடுவதற்குப் பதிலாக, முதலிலேயே வாயைக் கட்டியிருந்தால் இவ்வளவும் தேவையா? எங்கள் தாத்தா கம்பங்கூழ் குடித்து 90 வயது வரை உழுதார்.

மருந்துக்கடை

கோபமில்லை ஐயா. உங்கள் தாத்தா நாள் முழுக்க உழுதார் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

வாயைக் கட்டி இறக்கிய எடை ஏன் திரும்புகிறது என்பதற்கு உடம்பே பதில் வைத்திருக்கிறது. எடை குறையக் குறையப் பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு கூடுகிறது. அது பெருமளவு சுரப்பது வயிற்றின் மேற்பகுதியில். ஸ்லீவில் வெட்டி எடுப்பது அந்தப் பகுதியைத்தான். பசி குறைவது மன உறுதியால் அல்ல.

சுவீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வு ஒன்று உண்டு. அறுவை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும் செய்துகொள்ளாத சுமார் 2,000 பேரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். செய்துகொள்ளாதவர்களுக்கு ஊர் வழக்கப்படி கிடைக்கும் ஆலோசனை கிடைத்தது. 15 ஆண்டுகளில் அவர்களின் சராசரி எடை கிட்டத்தட்ட அசையவே இல்லை. அறுவைக் குழுவில் இறப்பு குறைவு என்று 2007இல் வெளியிட்டார்கள். அறுவை எல்லோருக்கும் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். தேவைப்படுகிறவரை வெட்கப்படுத்தாதீர்கள்.

உழவன்மகன்

கிரெலின் செய்தி எனக்குப் புதிது. ஆனாலும் கம்பங்கூழை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நெல்லைச்சீமை

கம்பங்கூழை யாரும் பறிக்கவில்லை அண்ணே. கெட்டி மோர் ஊற்றி அரை டம்ளர் நானும் குடிக்கிறேன்.

வடபழனி மருமகள்

அவசரமாக ஒரு கேள்வி. மாமியாருக்கு ஸ்லீவ் செய்து இரண்டாம் மாதம். மூன்று வாரமாக எதைக் கொடுத்தாலும் வாந்தி, தண்ணீர்கூடத் தங்கவில்லை. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டால் 'மெதுவாகச் சாப்பிடச் சொல்லுங்கள், பழகிவிடும்' என்கிறார்கள். நேற்றிலிருந்து பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்கிறார். குளியலறைக்குப் போகும்போது தள்ளாடுகிறார். இன்று காலை என் கணவரை அவருடைய தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உடம்பில் சத்து இல்லாததால் இப்படியா? வீட்டிலேயே குளுக்கோஸ் ஏற்ற ஒருவரை வரச் சொல்லலாமா?

மருந்துக்கடை

வேண்டாம். குளுக்கோஸ் ஏற்ற யாரையும் வீட்டுக்கு அழைக்காதீர்கள். இந்த வரியைப் படித்ததும் ஆம்புலன்ஸை அழையுங்கள், 108. பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அங்கே இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள்: 'எடை குறைப்பு அறுவை செய்தவர், மூன்று வாரமாக வாந்தி, இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், குழப்பம். தயாமின் குறைபாடு என்று சந்தேகம். குளுக்கோஸுக்கு முன் தயாமின் கொடுங்கள்.' தயாமின் என்பது வைட்டமின் பி1. உடம்பில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. அது இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைப் பாதிப்பு இன்னும் மோசமாகும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, சந்தேகம் வந்தாலே ஊசியில் கொடுத்துவிடுவார்கள். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம். போய்விட்டு எழுதுங்கள்.

பாசிப்பயறு

போய்விட்டீர்களா அம்மா? இங்கே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வடபழனி மருமகள்

சேர்த்துவிட்டோம். வேறு மருத்துவமனைதான். பணியில் இருந்த இளம் மருத்துவர் நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே ஊசிக்கு எழுதினார். மற்றதை நாளை எழுதுகிறேன்.

மட்டுறுத்துநர்

இந்த இடுகைகள் இங்கேயே இருக்கட்டும். புதிதாக வருகிறவர்களும் படிக்க வேண்டியவை. இனி உணவு, மாத்திரை பற்றித் தொடரலாம்.

கீழவாசல்

படிக்கவே நடுங்குகிறது. மாத்திரை என்று சொன்னதால் கேட்கிறேன். எனக்கு ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் காலையில் காப்பியோடு சேர்த்து விழுங்கிவிடுகிறேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, சீப்பைப் பார்க்கவே மனம் வரவில்லை. சத்துக் குறைவா?

மருந்துக்கடை

காப்பியோடு வேண்டாம் அக்கா. காப்பி, தேநீர் இரண்டும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போட்டால் கால்சியம் இரும்பைச் சேரவிடாது, நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றுத் தண்ணீரோடு எடுத்தால் நன்றாகச் சேரும். கால்சியத்தில் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், உங்களிடம் இப்போது அது குறைவு. நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் வேண்டும், ஆனால் ஒரே வாயில் 500க்கு மேல் உடம்பு ஏற்காது. பி12 ஐயும் மறக்காதீர்கள்: நீங்கள் சைவம், அதோடு சர்க்கரைக்கு மெட்பார்மின் எடுத்திருந்தால் அதுவும் பி12ஐக் குறைக்கும்.

முடி பற்றி: மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை கொட்டுவது மிகப் பொதுவானது. பெரிய அறுவை, வேகமான எடையிழப்பு என்ற அதிர்ச்சியில் முடிவேர்கள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடுகின்றன. பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்தால் இரும்பு, துத்தநாகம், புரதம் இவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். முடிக்கென்று விளம்பரத்தில் வரும் எண்ணெய்க்குக் காசைக் கொட்டாதீர்கள்.

இன்னொன்று, முழங்கால் வலிக்கென்று கடையில் கேட்காமல் வாங்கும் வலி மாத்திரைகள். பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்பில் புண் வரும். ஸ்லீவ்காரர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. என் கடைக்கு வருகிறவர்களில் இதைச் சொன்னால் முகம் சுளிக்காதவர் கிடையாது.

கும்பகோணம் பரிசாரகர்

பந்திக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரன். பதம் பார்த்துப் பார்த்தே 130 கிலோவுக்குப் போனவன், மினி பைபாஸ் செய்துகொண்டு இன்றும் அதே தொழில்தான் செய்கிறேன். இப்போது பதம் பார்ப்பது மகன்.

அம்மா, முதல் பந்தியில் உட்காராதீர்கள். நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் கைவைத்துக்கொண்டு நிற்பார். உங்களுக்கு அரை மணி நேரம் வேண்டும். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால் யாரும் எழுப்பமாட்டார்கள். ஓரத்து இலையாகப் பாருங்கள். பரிமாறுகிறவர் கையை நிறுத்தமாட்டார், அவருக்குப் பழக்கம் அப்படி. இலையின் குறுக்கே கையை வைத்து 'பாதிக் கரண்டி' என்று சொல்லிவிடுங்கள், சங்கடம் வேண்டாம், தினமும் நூறு பேர் சொல்வதுதான்.

இலையில் உங்களுக்கு வேண்டியது நிறைய இருக்கிறது. பருப்பு உசிலி உங்களுக்கென்றே செய்தது. ஆனால் உலர்ந்து இருக்கும், ஒரு கரண்டி மோர்க்குழம்பில் குழைத்துக்கொள்ளுங்கள். கூட்டு, தயிர்ப் பச்சடி, கடலைப்பருப்புக் கோசுமல்லி (நன்றாக ஊறியிருந்தால்), வடையில் ஒரு விள்ளல். ரசத்தைக் கடைசியில் ஊற்றிக் குடிக்காதீர்கள், உணவோடு நீர் கூடாது. பாயசமும் ஜாங்கிரியும் முதலில் வந்து விழும். நாக்கில் ஒரு சொட்டு வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். இலையில் மிஞ்சினால் சமையல்காரன் மனம் நோகும் என்று நினைக்கிறீர்களா? நோகாது. நாங்கள் பார்ப்பது பாத்திரம் காலியாகிறதா என்று மட்டும்தான்.

டொராண்டோ பனங்காய்

பரிமாறுகிறவரைச் சமாளிக்கலாம். மாமி, சித்தியை எப்படிச் சமாளிப்பது? என்னைப் பார்த்ததும் 'என்ன வருத்தம், புற்றுநோயா' என்று காதில் கேட்டார்கள்.

பாசிப்பயறு

நான் யாரிடமும் சொல்லவில்லை. 'சர்க்கரைக்காக உணவை மாற்றினேன்' என்பேன், பொய்யும் இல்லை. சொன்னால் அன்றிலிருந்து நம் தட்டு பொதுச்சொத்து. நாம் எடுக்கும் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தீர்ப்பு வரும்.

நெல்லைச்சீமை

எனக்கு இதில் மாற்றுக் கருத்து. கூட இருக்கும் ஒருவருக்காவது தெரிய வேண்டும். கல்யாண மண்டபத்தில் மயங்கி விழுந்தால் என்ன அறுவை என்று மருத்துவரிடம் சொல்ல ஆள் வேண்டாமா? வடபழனி அம்மாவின் கதையைப் பார்த்த பிறகுமா இந்தச் சந்தேகம்? ஊர் முழுக்கச் சொல்ல வேண்டாம். மணப்பெண்ணின் தாய்க்குச் சொல்லுங்கள் அக்கா, உங்கள் தங்கைதானே.

பாசிப்பயறு

ஒருவருக்கு என்றால் சரி. என் கணவருக்குத் தெரியும், என் பையில் அறுவை பற்றி எழுதிய ஒரு அட்டையும் இருக்கிறது. ஊர்வாய்க்குத்தான் மூடி வேண்டும் என்கிறேன்.

வடபழனி மருமகள்

எல்லோருக்கும் நன்றி. மாமியார் வார்டுக்கு மாறிவிட்டார். குழாயின் நடுவில் சுருக்கம் விழுந்திருந்ததாம், அதனால்தான் எதுவும் இறங்கவில்லை. எண்டாஸ்கோபி வழியாகப் பலூன் விட்டு விரித்தார்கள். இரட்டைப் பார்வை சரியாகிவிட்டது. நடை இன்னும் தள்ளாட்டம்தான், பிசியோதெரபி நடக்கிறது. இன்று என் கணவரைச் சரியான பெயரில் கூப்பிட்டு, 'மோரில் உப்பு போதவில்லை' என்று திட்டினார். மோர் உள்ளே தங்கியது.

மருந்துக்கடை

மிக்க மகிழ்ச்சி. பி1 மாத்திரையை எவ்வளவு காலம் தொடர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பித்தப்பையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். எடை வேகமாக இறங்கும்போது கல் சேர்வது உண்டு.

கீழவாசல்

தங்கையிடம் சொல்லிவிட்டேன். அழுதாள், பிறகு 'உனக்கு ஓரத்து இலை நானே போடுகிறேன்' என்றாள். பரிசாரகர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. வீட்டில் எல்லோருக்கும் அடை பிடிக்கும். சோற்றுக்குப் பதிலாக இரவில் அடை செய்துகொள்ளலாமா?

கும்பகோணம் பரிசாரகர்

தாராளமாக அம்மா. அரிசி ஒரு பங்கு, பருப்பு மூன்று பங்கு: துவரை, கடலை, பாசி. கடலைப்பருப்பை நான்கு மணி நேரம் ஊறவைத்து உங்களுக்கு மட்டும் நைசாக அரைத்துக்கொள்ளுங்கள், கொரகொரப்பாக இருந்தால் நிற்கும். மாவைச் சற்று நீர்க்கக் கரைத்து மெல்லியதாக வார்த்து, மூடிபோட்டு வேகவிடுங்கள். மொறுமொறு ஓரம் வீட்டாருக்கு, நடுப்பகுதி உங்களுக்கு. வெல்லமும் வெண்ணெயும் வேண்டாம், அவியல் தொட்டுக்கொள்ளுங்கள்.

உழவன்மகன்

அந்த அரிசிக்குப் பதில் கம்பு போட்டால் அடை நன்றாக வரும்.

கும்பகோணம் பரிசாரகர்

வரும். இரவே ஊறவைத்துவிடுங்கள்.